கலியாணச் சீலை காட்டிய கப்பல்

எனக்கொரு வீடு கட்டப் போகிறேன் என்று ஒரு நாள் பகல் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னேன். நான் செய்த பிழை அதுதான். கட்டியிருந்தால்கூட மன்னித்திருப்பார்கள். சொன்னதைத்தான் மன்னிக்கவில்லை.

என் மனைவி சுஹறா கறிச் சட்டியிலிருந்து அகப்பையை எடுக்காமலே கேட்டாள்.

"ஆருக்கு வீடு?"

"எனக்குத்தான்."

"ஒங்களுக்கா? என்னத்துக்கு?"

"இரிக்க."

"இப்ப எங்க இரிக்கிறீங்க?"

நல்ல கேள்வி. நான் இருந்தது அவளுடைய வீட்டில். அவளுடைய பாயில். அவளுடைய வாப்பா வாங்கிக் கொடுத்த பீங்கான் தட்டுக்கு முன்னால். மீன் மட்டும் நான் பிடித்தது. அதையும் அவள்தான் பங்கு வைத்தாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இலங்கையின் கிழக்கே கல்முனைக் கரையில் எங்கள் ஆட்களுக்குள்ளே வீடு பெண்ணுக்கு. பெண் பிள்ளை பிறந்தால் வாப்பா அடுத்த நாளே கல்லும் மண்ணும் சேர்க்கத் தொடங்குவார். ஆண் பிள்ளை பிறந்தால் சேர்க்க ஒன்றுமில்லை. அவன் இன்னொருத்தியின் வீட்டுக்குப் போகப் போகிறவன். நான் சாய்ந்தமருதில் பிறந்தேன். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஒரு சாரன், ஒரு சட்டை, ஒரு தூண்டில் பெட்டியோடு கல்முனைக்குடிக்குக் கலியாணம் முடித்து வந்தேன். சாரனும் சட்டையும் எப்போதோ கிழிந்துவிட்டன. தூண்டில் பெட்டியில் சுஹறா ஊசி நூல் வைத்திருக்கிறாள். சட்டை கொழுவ ஒரு ஆணி அடிப்பதென்றாலும் நான் அவளிடம் கேட்க வேண்டும். "அந்தச் செவத்துல வேணாம்" என்பாள். எந்தச் சுவரைக் காட்டினாலும் அது அந்தச் சுவராகவே இருக்கும்.

இந்த வழக்கத்துக்கு இன்னொரு முனையும் இருக்கிறது. மகளுக்குக் கலியாணம் என்றால் அந்த வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் வளவின் பின்பக்கம் ஒரு கொட்டில் போட்டு ஒதுங்க வேண்டும். எங்கள் மகள் றம்ஸியாவுக்குப் பத்தொன்பது வயது. நிந்தவூரில் மாப்பிள்ளை பேசியாகிவிட்டது. கூரையில்தான் தடங்கல். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி அதைக் கொண்டு போய்விட்டது. ஓடு போட்ட வீடு இல்லையென்றால் கலியாணமும் இல்லை என்று மாப்பிள்ளை வீட்டார் மரியாதையாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் நான் எனக்கு வீடு கட்டப் புறப்பட்டேன். கொட்டிலுக்குப் போக மாட்டேன், சாகும் முன்னால் என் பேரில் ஒரு சுவர், அதில் நான் நினைத்த இடத்தில் ஒரு ஆணி என்று சொன்னேன்.

"எதைக் கொண்டு கட்டுவீங்க?" என்றாள்.

"என்ட கப்பலக் கொண்டு."

இன்னொரு துண்டு மீன் வைத்தாள். சுஹறா சத்தம் போட்டால் பயமில்லை. சத்தம் போடாமல் மீன் வைத்தால்தான் பயப்பட வேண்டும். அது அன்று எனக்கு ஞாபகம் வரவில்லை.

கப்பல் என்றதும் சிரிக்க வேண்டாம். எனக்கு உண்மையாகவே ஒரு கப்பல் இருந்தது. கரையிலிருந்து இரண்டு மைல், ஒன்பது பாகம், ஐம்பது அடிக்கு மேல், ஆழம். வெள்ளைக்காரன் காலத்து நீராவிக் கப்பல். எப்போது மூழ்கித் தாண்டதென்று யாருக்கும் தெரியாது. றம்ஸியா பிறந்த வருடம் என் வலை எதிலோ சிக்கியது. விடுவிக்க மூச்சடக்கி இறங்கினேன். முருகைக்கல், பவளப் பாறை, படர்ந்த ஒரு பெரிய இரும்புச் சுவர். அதில் வரிசையாக வட்ட யன்னல்கள், பித்தளைச் சட்டம் போட்டவை. ஒன்றில் மட்டும் கண்ணாடி உடையாமல் இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு கலவாய் மீன், ஒரு ஆள் பாரம் இருக்கும், என்னை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றது. நீ ஆர், இங்கே உனக்கு என்ன வேலை என்று கேட்கிற பார்வை. வீட்டிலும் எனக்கு அந்தப் பார்வைதான். ஆனாலும் அந்த மீனிடம் எனக்குக் கோபம் வரவில்லை.

அதன் பிறகு மனம் சரியில்லாத நாட்களில் அங்கே போவேன். அப்படிப்பட்ட நாட்கள் நிறைய. ஒரு மூச்சு நேரம் பார்ப்பேன், ஏறி வருவேன். அந்தப் பித்தளையையும் செம்பையும் மேலே கொண்டுவர ஒரு மூச்சு போதாது. இடத்தை யாருக்கும் சொல்லவில்லை.

சூறாவளிக்கு அடுத்த வருடம் வைகாசியில் கிளாவுஸ் வந்து சேர்ந்தான். ஜெர்மன்காரன். ஆறடி உயரம், வெயிலில் வெந்த முகம், முதுகில் கட்டுகிற காற்றுச் சிலிண்டர்கள் நாலு, அவற்றை நிரப்ப ஒரு இயந்திரம். தாண்ட கப்பல் பார்க்க ஒரு மனிதன் அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறான் என்பதை ஊர் நம்பவில்லை. நான் நம்பினேன். அவனுக்குப் படமும் கப்பலின் பெயரும் போதும், பித்தளை எல்லாம் எனக்கு என்று அரைகுறை இங்கிலீசில் பேசி முடித்தோம். மூச்சு அவனுடையது, கப்பல் என்னுடையது. அந்தத் துணிவில்தான் அன்று சோற்றுக்கு முன்னால் வாய் திறந்தேன்.

கப்பலுக்குப் போகும் வழிதான் இல்லை.

கடலில் ஒரு இடத்துக்குத் திரும்பிப் போக வேண்டுமென்றால் கரையைத்தான் பார்க்க வேண்டும். முன்னால் ஒரு அடையாளம், அதற்கு நேர் பின்னால் தூரத்தில் ஒரு அடையாளம். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும்வரை தோணியை நகர்த்த வேண்டும். அது ஒரு கோடு. வேறொரு பக்கத்தில் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்தில் நங்கூரம் போட வேண்டும். என்னுடைய ஒரு கோடு, நெல்லு மில்லின் புகைக்குழாயும் மேற்கே தெரியும் மலையும். மற்றது, எங்கள் வளவில் எல்லாவற்றையும் விட உயர்ந்து நின்ற தென்னையும் அதற்குப் பின்னால் பள்ளிவாசல் மினாறாவும். மலையும் மில்லும் மினாறாவும் நின்றன. தென்னையைச் சூறாவளி முறித்துவிட்டது. அன்று வீட்டில் எல்லோரும் கூரைக்காக அழுதார்கள். நான் தென்னைக்காக அழுதேன். அதற்காக என்னைப் பைத்தியம் என்றார்கள்.

அடிக்கட்டை மட்டும் மிச்சம் இருந்தது. அதில் இரண்டு மூங்கிலை இணைத்துக் கட்டி, நுனியில் ஒரு துணி பறக்கவிட்டால் தென்னைக்குப் பதிலாகும் என்று கணக்குப் போட்டேன். மூங்கிலைச் சீவிக்கொண்டிருந்தபோது சுஹறா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையில் பால் தேத்தண்ணி. தட்டில் வட்டிலப்பம், தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த இனிப்பு.

"இஞ்சருங்க, நடுக் கடல்ல ஒங்களுக்கு எப்படி எடம் தெரியுது?"

இருபத்திரண்டு வருடத்தில் கடலைப் பற்றி அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. எத்தனை மீன் என்பாள். அது கடலைப் பற்றிய கேள்வி அல்ல. நான் உருகிப் போனேன். சொந்த மகனுக்கே கடைசிக் காலத்தில்தான் சொல்லுகிற விஷயத்தை, வட்டிலப்பத்தை விழுங்கிக்கொண்டே அவளுக்குச் சொன்னேன். மில்லைச் சொன்னேன். மலையைச் சொன்னேன். மினாறாவைச் சொன்னேன். மண்ணில் குச்சியால் கீறியும் காட்டினேன்.

"அல்லாஹ்வே, இவ்வளவு கணக்கா?" என்றாள். "இந்தக் கம்பு கொஞ்சம் அங்கால இஞ்சால நிண்டா?"

"அவ்வளவுதான் புள்ள! இஞ்ச ஒரு கவடு, ஒரு எட்டு வெலகினா கடல்ல இருவது கவடு வெலகும்!"

"இருவதா?"

"இருவது!"

"படிக்காட்டியும் ஒங்களுக்கு நல்ல மூள" என்றாள். எனக்குக் கண் கலங்கியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கலங்கியது.

என்ன துணி கட்டுவது என்று யோசித்தேன். கைலேஞ்சி போதாது. அவள் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து ஒரு சிவப்புச் சீலையைக் கொண்டுவந்தாள்.

"செவப்பு தூரத்துக்குத் தெரியும்."

"இது ஒண்ட கலியாணச் சீலையெல்லோ!"

"ஓம். ஒங்கட காரியத்துக்கு ஒதவாம பெட்டிக்குள்ள கெடந்து என்னத்துக்கு?"

அன்று இரண்டாவது தடவையாகக் கண் கலங்கியது.

மறுநாள் சுபஹுத் தொழுதுவிட்டு, கம்பை என் கையாலேயே அடிக்கட்டையில் கட்டிவிட்டு, கிளாவுஸை ஏற்றிக்கொண்டு போனேன். வெயில் ஏறியபோது கரை துல்லியமாகத் தெரிந்தது. தென்னைகள் இல்லாத கரை. கூரையில்லாத வீடுகள். எது எவன் வீடு என்று சொல்ல முடியாத மொட்டைக் கரை. அதற்கு நடுவில் ஒரே ஒரு சிவப்புப் பொட்டு. என் கலியாணச் சீலையைப் பள்ளிவாசல் மினாறாவோடு நேராக்கி நங்கூரம் போட்டேன். இதைவிட நேர்மையாக எந்தப் புருஷன் நடந்திருப்பான்?

கிளாவுஸ் எனக்கும் ஒரு சிலிண்டரைக் கட்டிவிட்டான். வாயில் ஒரு ரப்பர்க் குழாயைத் திணித்தான். இறங்கினோம். ஐம்பது வயதில் முதல் தடவையாகத் தண்ணீருக்கு அடியில் மூச்சு விட்டேன். அவசரமில்லை. மேலே ஓடத் தேவையில்லை. அதைவிடப் பெரிய வசதி, யாரும் என்னோடு கதைக்க முடியாது. வாயில் ரப்பர் இருப்பதால் நானும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சாமானை ஏன் கடலில் மட்டும் பாவிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

அடியில் முருகைக்கல். பார்க்கும் திசையெல்லாம் முருகைக்கல். மஞ்சள், ஊதா, பவளச் சிவப்பு. கொம்பு கொம்பாகச் சில, பூக்கோவா மாதிரிச் சில. கிளிமீன்கள் கல்லைக் கடித்துத் தின்கிற சத்தம் காதில் நொறுநொறு என்று கேட்டது. ஒரு திருக்கை மணலைத் தட்டிவிட்டு எழும்பிப் போனது. எல்லாம் இருந்தன. கப்பல் மட்டும் இல்லை.

கிளாவுஸ் என் முன்னால் வந்து இரண்டு கையையும் விரித்தான். கப்பல் எங்கே என்று கேட்க எந்தப் பாஷையும் தேவையில்லை. நானும் இரண்டு கையையும் விரித்தேன்.

இரண்டாம் நாள் சீலையையும் மினாறாவையும் மயிரிழை பிசகாமல் நேராக்கினேன். அதே முருகைக்கல். அதே கிளிமீன். மூன்றாம் நாளும் அதே. என் கண்ணில் பழுதா, என் புத்தியில் பழுதா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. தேத்தண்ணிக் கடையில் எல்லோரும் கேட்டார்கள். என்ன சொல்ல?

"சூறாவளி கப்பல நகத்திப்போட்டு" என்றேன்.

ஊர் உடனே நம்பியது. பள்ளிக்கூடக் கூரையை வயலுக்குக் கொண்டுபோன காற்று, கப்பலைக் கொண்டுபோகாதா? நாலு பேர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். என் கப்பலைத் தெற்கே பாணமைக்குப் பக்கத்தில் கண்டதாக ஒருவர் சத்தியமும் செய்தார்.

கிளாவுஸ் நம்பவில்லை. மூன்றாம் நாள் கரையில் இறங்கியதும், "மிஸ்டர் மீரா, நோ ஷிப்" என்று என்னைப் பெயர் சொல்லியே சொன்னான். பிறகு இன்னொரு சொல் சொன்னான். அதற்குப் பொய்க்காரன் என்று அர்த்தம். அந்தச் சொல் எனக்குத் தெரியும். முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சுஹறா மீன் பொரித்து வைத்திருந்தாள். கம்பு அடிக்கட்டையில் அப்படியே நின்றது. சீலை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"போனாப் போகட்டும். ரெண்டு நாள் படுத்தெழும்புங்க" என்றாள்.

படுத்தேன். நாலாம் நாள் பகல், கடற்கரைப் பக்கம் ஒரே கூச்சல். ஓடிப்போய்ப் பார்த்தேன். சுஹறாவின் தம்பி முனாப்பின் இயந்திரத் தோணியைச் சுற்றி ஊரே நின்றது. முனாப் திருகோணமலை ஹாபரில் வேலை செய்து இங்கிலீசு பிடித்தவன். தோணியில் அவனுக்குப் பக்கத்தில் கிளாவுஸ், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. தோணிக்கு நடுவில் ஒரு வட்ட யன்னல். பித்தளைச் சட்டத்தில் சிப்பி அப்பியிருந்தது. கண்ணாடி உடையவில்லை.

"மச்சான், கப்பல் நகரயில்ல. அங்கதான் கெடக்கு" என்றான் முனாப்.

நேரே வளவுக்குள் வந்தேன். வேலிக்கு மற்றப் பக்கம் பக்கத்து வீட்டு லைலா இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"காக்கா, கப்பல் கெடச்சிட்டாம்? அப்ப இனி அந்தக் கம்ப அங்கயே வெச்சிரச் சொல்லுங்க. மூணு நாளா ஒங்கட ஊட்டுக்காரியோட சேந்து தூக்கித் தூக்கி என்ட நாரி உட்டுப் போச்சு."

"எங்க தூக்கினீங்க தங்கச்சி?"

"இஞ்சதான், என்ட அடிக்கட்டைக்கு. நீங்க கடலுக்குப் போன ஒடனே இஞ்ச கொண்டாறது. நீங்க வாறத்துக்கு முன்ன அங்க கொண்டுபோறது. என்ன நேத்திக்கடனோ, அவதான் சொன்னா. நான் கேக்கயில்ல."

அவள் வளவிலும் சூறாவளி ஒரு தென்னையை முறித்திருந்தது. அந்த அடிக்கட்டையில் கயிறு உராய்ந்த தடம் புதிதாக இருந்தது. எங்கள் அடிக்கட்டையிலிருந்து நடந்து பார்த்தேன். பத்துக் கவடு. பத்தை இருபதால் பெருக்க எனக்குத் தெரியும். நான்தானே சொல்லிக் கொடுத்தேன்.

குசினிக்குப் போனேன். சுஹறா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"கம்ப நகத்தினயா?"

"ஓம்."

இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம். சண்டை பிடிக்க எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும்.

"முனாப்புக்கு எடத்தச் சொன்னயா?"

"ஓம். மில்லு, மல, மினாறா, என்ட சீல. நீங்க மண்ணுல கீறினத்த அப்படியே நான் கீறிக் காட்டின. நல்ல வெளக்கமாத்தான் சொல்லித் தந்தீங்க."

"என்ட கப்பல் புள்ள அது! என்ட!"

"மகளுக்கு மேல கூர இல்ல. நீங்க ஒங்களுக்கு ஊடு கட்டப் போறீங்க. ஆம்புளைக்குத் தனி ஊடெண்டா ஊரு என்ன கதைக்கும்? அதுக்குள்ள இன்னொருத்தியக் கொண்டாரப் போறாரெண்டு கதைக்கும். மாப்புள ஊட்டாக்கள் அதையும் கேட்டுக்கிட்டு இரிப்பாங்களா?"

"என்னட்டக் கேட்டிரிக்கலாமே!"

அவள் அரிசிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"கேட்டாத் தந்திருப்பீங்களா?"

தந்திருக்க மாட்டேன். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ரப்பர்க் குழாய் இல்லாமலே என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பெற்ற மகளின் கூரையைவிட ஒரு ஆணி எனக்குப் பெரிதாக இருந்திருக்கிறது. அது வெட்கம். ஆனாலும் இருபத்திரண்டு வருடம் ஒரு ஆணிகூட இல்லாமல் இருந்தவனுக்கு அது பெரிதாகத்தான் தெரியும். அதை யாரிடம் சொல்ல?

கடைசியாக ஒன்று மட்டும் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அண்டைக்குக் கடலப் பத்திக் கேட்டயே. அது?"

"அதுவும் இதுக்குத்தான்" என்றாள். பிறகு கொஞ்சம் இரங்கி, "வட்டிலப்பம் நல்லமெண்டுதானே திண்டீங்க?" என்றாள்.

அதன் பிறகு எல்லாம் விறுவிறு என்று நடந்தது. கிளாவுஸ் படம் பிடித்தான். முனாப் பீப்பாய்களைக் கட்டிக் கயிறு போட்டுப் பித்தளையையும் செம்பையும் ஏற்றினான். தாய் மாமன் என்ற முறையில் அதையெல்லாம் மருமகள் றம்ஸியாவின் வீட்டுக்கே கொடுத்தான். ஊர் அவனைப் புகழ்ந்தது. என் கப்பல் ஓடாகி, சிமெந்தாகி, தேக்கங் கதவாகி வந்து இறங்கியது. வட்ட யன்னலை மட்டும் விற்கவில்லை. அதை முன் கதவில், முகம் உயரத்துக்குப் பதிக்கச் சொன்னாள் சுஹறா. வாசலில் யாராவது ஆண்கள் வந்து நின்றால், பெண்கள் கதவைத் திறக்காமல் உள்ளே நின்றே ஆளைப் பார்த்துக்கொள்ளலாமாம். நல்ல யோசனை என்று பள்ளிவாசல் லெப்பையும் மெச்சினார்.

யன்னலின் எந்தப் பக்கம் வெளியே வர வேண்டும் என்று தச்சனுக்குத் தெரியவில்லை. அதை மட்டும் என்னிடம் கேட்டார்கள். சொன்னேன். பத்தொன்பது வருடம் வெளியே நின்று பார்த்தவன் நான்தானே.

கலியாணம் சிறப்பாக முடிந்தது. வீட்டை மகள் பேருக்கு எழுதினோம். எழுதினோம் என்பது சும்மா ஒரு பேச்சுக்கு. சுஹறா எழுதினாள், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்பக்கம் தென்னங் கிடுகுக் கொட்டில் போட்டார்கள். கிடுகுச் சுவரில் ஆணி நிற்காது. சட்டையைத் தடியில் போடுகிறேன். சுஹறாவுக்குக் கொட்டிலில் பெயருக்குத்தான் இருப்பு. புது மருமகனுக்கு ஆக்கிப் போடுகிறேன் என்று விடிந்தால் முன் வீட்டுக்குப் போய்விடுவாள். என் சோறு ஆறித்தான் வரும். சில நாளில் வராது.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பசியோடு வந்தேன். கொட்டிலில் ஒன்றுமில்லை. நேரே முன் வாசலுக்குப் போனேன். இருபத்திரண்டு வருடம் நான் இருந்த வீடு. என் கப்பலால் கூரை போட்ட வீடு. இன்றைக்கு உரிமையோடு நுழைவது என்று முடிவெடுத்துக் கதவைத் தட்டினேன்.

வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முகம் வந்தது. சுஹறா. அசையாமல் நின்று என்னை உற்றுப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மூச்சடக்கி நின்றேன், பழக்க தோஷம்.

உள்ளேயிருந்து மகளின் குரல் கேட்டது.

"ஆரு உம்மா வாசல்ல?"

சுஹறா கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பிச் சொன்னாள்.

"ஆருமில்ல மகள், வாப்பாதான்."